தலைவலி என்று வந்த மூன்று பேர்

சிஸ்டர்,

இன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கு மட்டை அரிசி வாங்க மட்டாஞ்சேரி பஜாருக்குப் போயிருந்தேன். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. கடைக்காரர், சின்ன வயதிலிருந்து நான் சேட்டன் என்று கூப்பிடும் மனிதர், உள் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே வைத்திருந்த பெட்ரோல் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்து ஓடவிட்டார். சுக்கும் மிளகும் ஈரச் சாக்கும் கலந்து எப்போதும் அங்கே வரும் மணத்துக்கு மேல் அந்தப் புகை வாடை ஏறியது. என் கையிலிருந்த அரிசி கீழே சிந்தியது.

ஜெனரேட்டரைத் தெருவுக்குக் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். மழை வரும், நனைந்துவிடும் என்றார். கதவு திறந்துதானே கிடக்கிறது என்றார். உள்ளே இரண்டு பேர் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அரிசியும் வாங்கவில்லை, நகரவும் இல்லை. பின்னால் நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். கடைசியில் அந்த இரண்டு பேருமே ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலுக்கு வெளியே வைத்தார்கள். சேட்டன் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாடை மூக்கைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மலையாளத்தில் எழுதியிருந்தால் கை ஓடியிருக்கும். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடம் முழுக்க மலையாளம். ஆனால் நீங்கள் மலையாளம் பேசுவீர்களே தவிரப் படிக்க மாட்டீர்கள். பேருந்துப் பலகையைக்கூட நம்பரை வைத்துத்தான் கண்டுபிடிப்பீர்கள். நீங்கள் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தும், உங்களால் படிக்க முடியாத எழுத்தில் உங்களுக்கு எழுத மனம் வரவில்லை. ஒற்று விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் பழகியதே ஒரு சொல்லால்தான். வைட்டிலாவைத் தாண்டி, இரட்டைக் கோபுரமாக எழும்பிக்கொண்டிருந்த அந்தக் கட்டுமானத் தளத்தில் நான் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்த முதல் வாரம். ஒன்பதாவது மாடியின் வெளிப்புறச் சாரத்தில் நின்ற தமிழ்த் தொழிலாளி ஒருவர், தன் தலைக்கவசத்தின் பட்டை அறுந்துவிட்டது, சாயங்காலம் மாற்றிக்கொள்கிறேன் என்று மேலிருந்து கத்தினார். பரவாயில்லை, இப்போதே இறங்கி வந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்து, வீட்டில் பேசுகிற பழக்கத்தில் "சாரமில்ல" என்று ஆரம்பித்தேன். மலையாளத்தில் அது "பரவாயில்லை". அவர் காதில் "காலுக்குக் கீழே சாரம் இல்லை" என்று விழுந்தது. மனிதர் இரும்புக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அம்மா என்று அலறிவிட்டார். தளத்தின் நர்ஸாக யாருக்கோ கட்டுப்போட வந்திருந்த நீங்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தீர்கள். பிறகு எழுந்து, "அண்ணே, சாரம் நல்லாத்தான் இருக்கு. மேடத்துக்குத் தமிழ்தான் ஆடுது," என்று மேலே பார்த்துச் சொன்னீர்கள்.

அன்று முதல் மதியச் சாப்பாடு உங்கள் முதலுதவி அறையில். நூற்றுக்கணக்கான ஆண்கள் வேலை செய்த அந்தத் தளத்தில் உள்தாழ்ப்பாள் உள்ள ஒரே பெண்கள் கழிப்பறை அந்த அறையை ஒட்டி இருந்ததும் ஒரு காரணம். என் அறைக் கதவில் நலம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் என்று மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தது. "நலம் எனக்கு, மத்த ரெண்டும் உங்களுக்கு," என்று பிரித்துக்கொடுத்தீர்கள். அடித்தளத்தில் இறைக்கும் சேற்றுத் தண்ணீரைத் தெளியவிடாமல் தோட்டுக் கால்வாயில் திறந்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வரும் நாட்களில், நான் அவர்களைச் சமாதானப்படுத்திவிட்டு வரும்வரை என் சாப்பாட்டைத் தட்டு போட்டு மூடிவைத்திருப்பீர்கள். நமக்கு ஒரே வயது. ஆனாலும் நான் கடைசிவரை சிஸ்டர் என்றேன், நீங்கள் மேடம் என்றீர்கள். அதை மாற்ற வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை.

உங்கள் பதிவேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சடித்து வந்த நோட்டுதான்: பெயர், நேரம், என்ன தொந்தரவு, என்ன மருந்து. நீங்கள் ஒவ்வொரு பக்கத்திலும் அடிக்கோல் வைத்து இன்னொரு கட்டம் போட்டுக்கொண்டீர்கள். அதற்குத் தலைப்பு "எங்கே வேலை". எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். "ஆளுகிட்ட எங்க நோவுதுன்னு கேக்கோம். அந்த நோவு எங்கயிருந்து வந்துச்சுன்னும் கேக்கணும்லா," என்றீர்கள். அன்று அதைக் கேட்டுவிட்டுக் கை கழுவப் போனேன்.

பிறகு அந்த மழைக்காலம் வந்தது.

தரைக்குக் கீழே இரண்டாவது அடித்தளத்தின் மூலையில், நான்கு பக்கமும் சுவர் எழுப்பிய நிலத்தடித் தொட்டிக்குள் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு நடந்துகொண்டிருந்தது. ஐந்து பேர் வேலை. அப்படி மூடிய இடத்தில் யாரும் இறங்கும் முன், நான் நேரில் போய்க் காற்றைக் கருவியால் சோதித்துப் பார்த்துவிட்டு அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தினமும் அப்படித்தான் செய்தேன். அன்று மட்டும் செய்யவில்லை. மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே கொட்டும் மழை. மேற்பார்வையாளர் சீட்டை நீட்டி, நேற்று மாதிரியேதான் எல்லாம் என்றார். "நேரில் பார்த்தேன்" என்ற கட்டத்தில் சரி போட்டுக் கையெழுத்திட்டேன்.

நான் கையெழுத்திட்ட கொஞ்ச நேரத்தில், கசியும் தண்ணீரை இறைக்கும் மின்சார பம்பு நின்றுபோனது. தொட்டியில் தண்ணீர் ஊறியது. ஆட்கள் வேறு எங்கிருந்தோ ஒரு பெட்ரோல் பம்பைத் தூக்கிவந்தார்கள். குழாய் நீளம் போதாததால் அதைத் தொட்டியின் வாயை ஒட்டியே வைத்து ஓட்டினார்கள். அதன் புகையில் இருக்கும் நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. காற்றோட்டம் இல்லாத அந்த மூலையில் அது கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்தது. முறைப்படி காற்றைச் சோதிக்கப் போயிருந்தால், அந்த பம்பு வந்தபோது நான் அங்கேதான் நின்றிருப்பேன்.

ஒன்பது நாற்பதுக்கு முதல் ஆள் தலைவலி என்று உங்களிடம் வந்தார். பத்து ஐந்துக்கு இரண்டாவது ஆள், வாந்தியும் சேர்த்து. நீங்கள் எனக்கு போன் செய்தீர்கள். இரண்டு பேரும் அடித்தளத்து ஆட்கள், ஒருமுறை போய்ப் பார்க்கிறீர்களா என்று கேட்டீர்கள். நான் கோப்பிலிருந்து தலையை எடுக்காமல் சொன்ன பதில் எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது: "காலம்பற ஒண்ணும் தின்னாம வந்திருப்பாங்க சிஸ்டர். ஒரு சாயா வாங்கிக் குடுங்க. நான் பின்ன வாறேன்."

பத்து இருபத்தைந்துக்கு மூன்றாவது ஆள் வந்தார். அவரால் காலணியின் கயிற்றை அவிழ்க்க முடியவில்லை. விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நீங்கள் அவர் பெயரை எழுதி, நேரத்தை எழுதி, கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது மேலே இருந்த இரண்டு வரியும் கண்ணில் பட்டன. மூன்று கட்டத்திலும் தொட்டி, தொட்டி, தொட்டி. பேனாவைக்கூட மூடாமல் ஓடினீர்கள்.

அபாயச் சங்குச் சத்தம் கேட்டு நான் வந்தபோது நீங்கள் சரிவுப் பாதையின் முனையில் நனைந்து நின்று, கீழே இறங்கப் பார்த்தவர்களை இரண்டு கைகளையும் விரித்துத் தடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஐந்து பேரில் நான்காவது ஆள் தானே தள்ளாடி வெளியே வந்திருந்தார். கள்ளக்குறிச்சிக்காரரான முருகேசன் மட்டும் உள்ளே, ஏணியடியில் விழுந்து கிடந்தார். நான் எதையும் யோசிக்கவில்லை. இறங்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். அந்தப் பிடி மூன்று நாள் வலித்தது.

"இறங்காதீங்க மேடம். உங்க பேரையும் நான் எழுத மாட்டேன்."

காப்பாற்றப் போகிறவர்கள்தான் இந்த மாதிரி இடத்தில் அதிகம் விழுவார்கள் என்று தொழிலாளர்களுக்கு நானே எத்தனையோ காலைகளில் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த நிமிடம் அதை நினைவில் வைத்திருந்தது நீங்கள். காற்றுக்கலனை முதுகில் மாட்டிக்கொண்டு பயிற்சி பெற்ற இருவர் இறங்கி முருகேசனைத் தூக்கி வந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் முகத்தில் பிராணவாயு முகமூடியை அழுத்திப் பிடித்தபடி நீங்களும் ஆம்புலன்ஸில் ஏறிப்போனீர்கள். நான் மழையில் நின்றேன். மதியம் மூன்று மணிக்கு நீங்கள் போன் செய்து, கண் முழித்துவிட்டார், தண்ணீர் கேட்கிறார் என்றீர்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

இதுவரைக்கும் உங்களைப் பற்றி எழுதுவது எளிதாக இருந்தது. இனி என்னைப் பற்றியும் எழுத வேண்டும்.

அன்று மாலை திட்ட மேலாளர் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. விசாரணை வரும் என்றார். உன் சீட்டில் நேரில் பார்த்ததாக இருக்கிறது, பம்பைப் பற்றி ஒன்றும் இல்லை, நர்ஸின் நோட்டிலோ முதல் ஆள் ஒன்பது நாற்பதுக்கே வந்திருக்கிறான், உன்னைக் கூப்பிட்டதாகவும் எழுதியிருக்கிறாள் என்றார். மூன்று பேரும் ஒன்றாகப் பத்தே முக்காலுக்கு வந்தார்கள், களைப்பு என்று இருந்தால் எல்லோருக்கும் நல்லது, நீங்கள் இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள்தானே, நீயே பேசு என்றார்.

நான் மறுக்கவில்லை, சிஸ்டர். மறுநாள் காலை உங்கள் அறைக்கு வந்தேன். நீங்கள் பஞ்சை வெட்டி உருட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பக்கத்தை மட்டும் வேறு மாதிரி எழுதித்தர முடியுமா என்று கேட்டேன். ஆள் பிழைத்துவிட்டார், யாருக்கும் நஷ்டம் இல்லை என்றும் சொன்னேன். அம்மாவுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை என்றும் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தீர்கள். நோட்டைத் திறந்து அந்த மூன்று வரிகளையும் விரலால் தொட்டுக் காட்டினீர்கள்.

"மேடம், நான் ஒண்ணும் பெரிய ஆளில்ல. ஒருத்தன் வந்தான், மாத்திரை குடுத்தேன். ரெண்டாவது ஒருத்தன் வந்தான், நீங்க சொன்னாப்புல சாயா குடுத்தேன். இந்த மூணும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருந்ததாலதான் எனக்கே தெரிஞ்சது. இத மாத்தி எழுதிட்டேன்னா, அடுத்தாப்புல நான் எதப் பாத்து ஓட?"

எனக்குக் கோபம் வந்தது. எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து என் அறையில் தனியாகச் சாப்பிட்டேன். கழிப்பறைக்கு வரும்போதுகூட உங்களைப் பார்க்காமல் போனேன். பதினொரு நாள். நீங்கள் ஒவ்வொரு நாளும் "மேடம், சாப்பிட்டாச்சா" என்று கேட்டீர்கள். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனேன்.

பன்னிரண்டாம் நாள் காலை, அலுவலகத்தைப் பெருக்கும் சேச்சி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, சனிக்கிழமையோடு உங்களை நிறுத்தப்போகிறார்கள் என்று. நீங்கள் ஒப்பந்த முகவர் வழியாக வந்தவர். ஒரு போன் போதும், வேறு நர்ஸ் வந்துவிடுவார். உங்களுக்கு அது நான்கு நாட்களாகத் தெரியும். அந்த நான்கு நாளும் என்னிடம் சாப்பிட்டாச்சா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறீர்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி அன்று மதியம் என் வாக்குமூலத்தைக் கேட்டார். எழுதித் தருகிறேன் என்றேன். தாளை எடுத்துக்கொண்டு நேராக உங்கள் அறைக்குத்தான் வந்தேன். நீங்கள் மேசையில் இருந்த மருந்துப் பெட்டிகளை ஒதுக்கி இடம் கொடுத்தீர்கள். நேரில் பார்க்காமல் கையெழுத்திட்டேன், பத்து ஐந்துக்கு நர்ஸ் என்னை அழைத்தார், நான் போகவில்லை என்று மலையாளத்தில் எழுதினேன். "போகவில்லை" என்ற சொல்லை எழுத எனக்கு நெடுநேரம் ஆனது. எழுதி முடித்ததும் உங்களுக்குத் தமிழில் படித்துக்காட்டினேன். கேட்டுவிட்டு நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்று: "பம்ப கீழ இறக்கச் சொன்னது யாருன்னும், குழாய் ஏன் பத்தலைன்னும் கேக்கச் சொல்லி எழுதுங்க. எல்லாத்தையும் உங்க தலையிலயே போட்டுக்கிட்டாலும் அடுத்த தடவைக்கு உதவாது."

அதையும் எழுதினேன். நீண்ட குழாய்களும் மாற்று மின்சார பம்பும் வந்தன. தரைக்குக் கீழே எஞ்சின் எதுவும் இறங்கக் கூடாது என்று தடை வந்தது. தானும் இதற்குப் பொறுப்பு என்று மேலாளர் விசாரணையில் ஒப்புக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். உங்களை நிறுத்துவதை நிறுத்தினார்கள். என்னிடமிருந்து கையெழுத்து அதிகாரத்தை மூன்று மாதத்துக்குப் பறித்து, முதலில் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். வைட்டிலாவிலிருந்து பேருந்து, பிறகு படகு, பிறகு கேட்டுக் கேட்டு நடை. கையில் தூக்குவாளி நிறைய தேங்காய்ப்பால் சொதி. ஹோட்டலில் பரோட்டா மாஸ்டராக இருக்கும் உங்கள் அண்ணனைத் தேங்காய் துருவவைத்துச் செய்ததாகச் சொன்னீர்கள். உங்கள் ஊரான தென்காசியில் மறுவீட்டுக்கு வைப்பது அது என்று அம்மாவிடம் விளக்கினீர்கள். அம்மா பதிலுக்குக் கப்பைக்கிழங்கும் மீனும் வைத்தார். நீங்கள் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். அம்மா உள்ளே போனபோது நான் கேட்டேன், உங்களிடம் போய் அப்படிக் கேட்டேனே, மனதில் ஒன்றும் இல்லையா என்று. நீங்கள் மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தீர்கள்.

"கேட்டீங்க. நான் மாட்டேன்னேன். பயந்தவங்க கேக்கத்தான செய்வாங்க."

அதற்குப் பிறகு அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. மூன்று மாதம் கழித்துக் கையெழுத்து திரும்பக் கிடைத்தது. இன்னும் ஒரு வருடம் கழிந்து என்னை வேறு தளத்துக்கு மாற்றினார்கள். தினமும் மாலை படகுத்துறையில் நிற்கும்போது போன் செய்வேன். முருகேசன் ஊரோடு போய்ப் பெட்டிக்கடை வைத்திருக்கிறார், பொங்கலுக்குக் கூப்பிட்டார் என்பீர்கள். அண்ணனுக்குத் தோள்வலி என்பீர்கள். உங்களுக்கு வயிற்றில் வலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கண்டுபிடித்தபோது கட்டி முற்றியிருந்தது. எல்லோரிடமும் எங்கே நோகிறது என்று கேட்ட மனுஷி நீங்கள். உங்களிடம் அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதை நான் இன்னும் ஆற்றிக்கொள்ளவில்லை.

தென்காசிக்கு வந்து உங்களைப் பார்த்த அந்த ஒரு பகல் எனக்குப் போதவில்லை. கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். அதே மணிக்கட்டு. இந்த முறை பிடியில் எடையே இல்லை. மருந்து மயக்கத்தில் பாதி கண் மூடியிருந்தது. ஏதோ முக்கியமாகச் சொல்லப்போகிறீர்கள் என்று குனிந்தேன். "உங்க சைட்டுல பொம்பளைங்களுக்குத் தனியா கக்கூஸ் கட்டியாச்சா?" என்று கேட்டீர்கள். கட்டியாச்சு, தாழ்ப்பாளும் போட்டாச்சு என்றேன். தலையை அசைத்துவிட்டுத் தூங்கிப்போனீர்கள். வண்டிக்கு நேரமாகும்வரை நான் கையை எடுக்கவில்லை.

உங்கள் அண்ணன் போன் செய்த காலையில் நான் ஆட்களை வரிசையாக நிறுத்தி அன்றைய வேலையின் ஆபத்துகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எடுத்துக் கேட்டுவிட்டு, பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். என்ன பேசினேன் என்று தெரியவில்லை. முடிந்ததும் ஒரு வயதான பெயின்டர், மேடம் முகம் சரியில்லையே என்றார். ஒரு கூட்டுக்காரி, என் சிநேகிதி, போய்விட்டாள் என்றேன். அன்றைக்கும் மூன்று அனுமதிச் சீட்டுகள் காத்திருந்தன. மூன்று இடத்துக்கும் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். பிறகு சிமெண்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. முதலுதவி அறையிலிருந்து போன் வந்தால் நான் இப்போது போனில் பதில் சொல்வதில்லை. எழுந்து போகிறேன். இங்கே இருக்கும் ஆலப்புழைக்கார நர்ஸுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. தன்மேல் நம்பிக்கை இல்லாமல் வருகிறேன் என்று நினைத்தார். இப்போது பழகிவிட்டார்.

நேற்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது கூப்பிட்டார். கம்பி கட்டும் ஆள் ஒருவருக்குத் தலை வலிக்கிறதாம். நான் ஏழாவது மாடியில் இருந்தேன், லிப்ட் பழுது. படியில் இறங்கிப் போனேன். எங்கே வேலை என்று கேட்டேன், மொட்டைவெளியில், காற்றாட. கூட யாருக்காவது வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை. முந்தின நாள் ஊருக்கு போன் செய்தபோது மகளுக்குக் காய்ச்சல் என்று சொன்னார்களாம், ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. அவ்வளவுதான். அவருக்கு மாத்திரை கொடுத்து, வீட்டுக்கு ஒரு போன் செய்யச் சொல்லி, படுக்கவைத்தோம். ஒன்றுமில்லை, சிஸ்டர். ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ள ஏழு மாடி இறங்கினேன். திரும்பி ஏறிவந்தபோது சோறு ஆறியிருந்தது. பசியோடு சாப்பிட்டேன்.